இறந்தவரின் செல்பேசி எண்ணை விட்டுவிடலாமா?

கேள்வி: 2025 மார்ச் 9, ஞாயிறு மாலை

அப்பா காலமாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. அவருடைய சிம்முக்கு இன்னும் நான்தான் ரீசார்ஜ் செய்து வருகிறேன். பேச ஆளில்லாத போனுக்கு மாதாமாதம் எதற்குப் பணம் என்று அண்ணன் கேட்கிறார். அம்மா எதுவும் சொல்வதில்லை. ஆனால் அந்தப் போனைத் தினமும் இரவில் சார்ஜில் போட்டு வைக்கிறார். நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 9, இரவு 9.40

நிறுத்தாதீர்கள் தம்பி, இப்போதைக்கு வேண்டாம். நான் கோவில்பட்டியில் 16 ஆண்டுகளாகக் கணினி மையம் நடத்துகிறேன். ஜெராக்ஸ், ரீசார்ஜ், அரசு விண்ணப்பம் எல்லாம் உண்டு. இந்தக் கேள்வியோடு மாதத்துக்கு ஓரிருவராவது வருகிறார்கள். பெரும்பாலும் எண் கைவிட்டுப் போன பிறகுதான் வருகிறார்கள்.

அந்த எண் பேசுவதற்கு மட்டுமே இருந்ததில்லை. உங்கள் அப்பா கடைசிப் பத்து ஆண்டுகளில் எங்கெல்லாம் கையெழுத்துப் போட்டாரோ அங்கெல்லாம் அந்தப் பத்து இலக்கங்களையும் எழுதிக் கொடுத்திருப்பார். வங்கி, ஆதார், ரேஷன் அட்டை, எரிவாயு, காப்பீடு, கூட்டுறவுச் சங்கம் என்று எத்தனையோ இடங்கள். 90 நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால் எண் வேறொருவர் கைக்குப் போய்விடும். அதன் பிறகு அப்பாவுக்கு வர வேண்டிய குறுஞ்செய்தி எல்லாம் அந்த மனிதருக்குப் போகும்.

இன்றிரவே ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் போனில் குறுஞ்செய்திப் பெட்டியைத் திறந்து ஓராண்டுக்குப் பின்னோக்கிப் படியுங்கள். யார் யார் செய்தி அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்களுக்கு வேண்டிய பட்டியல் அதுதான். வீட்டில் யாருக்கும் நினைவிருக்காத இடமெல்லாம் அதில் வரும்.

மார்ச் 10, காலை 7.15

இரவு எழுதியதில் ஒரு பிழை. 90 நாட்களில் எண் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதிவிட்டேன். நடப்பது இரண்டு கட்டங்கள். தொடர்ந்து 90 நாட்கள் அழைப்பு, செய்தி, டேட்டா எதுவுமே இல்லாவிட்டால்தான் நிறுவனம் எண்ணை முடக்கலாம். முடக்கிய பிறகும் இன்னொரு 90 நாட்களாவது அதை யாருக்கும் ஒதுக்கக் கூடாது. ஆக, கடைசிப் பயன்பாட்டிலிருந்து ஆறு மாத காலம் இருக்கிறது. ஆனால் ரீசார்ஜ் காலம் முடிந்ததுமே ஓடிபி வருவது நின்றுபோகலாம். எண் நம்முடையதாக இருந்தும் பயனில்லாத நிலை அது. அதனால் ஆறு மாதத்தை நம்பிச் சாய்ந்துகொள்ள வேண்டாம்.

20 ரூபாய் இருப்பு வைத்தால் போதும் என்று ஒரு செய்தி ஜனவரியில் வாட்ஸ்அப்பில் சுற்றியது. புதிய சட்டம் போல எழுதியிருந்தார்கள். அது 2013-இல் வந்த விதி. பயன்பாடு இல்லாத எண்ணில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு எண்ணை நீட்டிப்பார்கள். முடக்கப்படாமல் காக்கும், அவ்வளவுதான்.

மார்ச் 10, இரவு

"ரீசார்ஜ் விற்பவர் ரீசார்ஜ் செய்யச் சொல்கிறார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படித் தோன்றுவதில் தவறில்லை. ஒரு ரீசார்ஜில் எனக்குக் கிடைப்பது சில ரூபாய்தான். அதுவும் வேண்டாமென்றால் நீங்களே வீட்டிலிருந்து செய்துகொள்ளுங்கள், நான் சொல்லும் திட்டத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். அப்பாவின் போனுக்கு டேட்டா தேவையில்லை. அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. சிறப்புத் திட்டங்களின் கால வரம்பை 90 நாட்களிலிருந்து 365 நாட்களாகவும் உயர்த்தியது. டேட்டாவோடு கூடிய மாதாந்தரத் திட்டத்தை முதியவர்கள் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. என் கடையில் பட்டன் போனோடு வருபவர்களிடம் இந்தத் திட்டத்தைத்தான் முதலில் சொல்கிறேன்.

மார்ச் 11, மதியம்

எண் அடுத்தவர் கைக்குப் போனால் உண்மையில் என்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் அந்த "அடுத்தவர்" இடத்தில் இருந்தோம்.

2023 ஜூலையில் என் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். விடுதிக்குப் போகும் முன் புதிய இணைப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கடையில் உறை பிரித்துக் கொடுத்த புத்தம் புது சிம். போனில் போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் முதல் செய்தி வந்தது. நகைக்கடன் வட்டி கட்ட வேண்டிய தேதி நெருங்குகிறதாம். தவறி வந்தது என்று விட்டுவிட்டோம். அடுத்து வாட்ஸ்அப்பில் பதிவு செய்தாள். திறந்ததும் பத்துப் பன்னிரண்டு குழுக்களில் அவள் உறுப்பினர். ஊர்க் கோயில் திருப்பணிக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, சவூதியில் வேலை செய்யும் நம் பக்கத்து ஆட்களின் குழு. சரசரவென்று செய்திகள் வந்து விழுந்தன. அவள் பயந்துபோய் போனை என்னிடம் நீட்டினாள்.

அன்று மாலையே ஒரு பெண் அழைத்தார். "யார் நீ? என் வீட்டுக்காரர் நம்பர் உன்னிடம் எப்படி?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார். 18 வயதுப் பெண்ணிடம் கேட்கக் கூடாத கேள்விகளும் சில கேட்டார். நான் போனை வாங்கிப் பேசியதும்தான் அமைதியானார்.

பிறகு புரிந்தது. அவருடைய கணவர் சவூதியில் தம்மாம் நகரில் வேலை செய்கிறார். ஊர் சிம்மை அங்கே அறையில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். வாட்ஸ்அப் வைஃபையில் ஓடிக்கொண்டிருந்ததால் சிம் உயிரோடு இருப்பதாகவே நினைத்திருக்கிறார். அது முடங்கி, காத்திருப்புக் காலமும் கழிந்து, என் மகளிடம் வந்துவிட்டது. அவள் பதிவு செய்த கணத்தில் அவர் போனில் வாட்ஸ்அப் வெளியேறியது. யாரோ திருடிவிட்டார்கள் என்று எண்ணி மனைவிக்கு வேறு வழியில் அழைத்திருக்கிறார்.

எங்கள் பக்கமும் தவறில்லை, அவர் திருடப்பட்டதாக நினைத்ததிலும் தவறில்லை. எண்ணை மறுபடி விற்றவர்களும் விதிப்படிதான் விற்றார்கள். இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மார்ச் 11, மாலை

எழுதி முடித்த பிறகு நினைவுக்கு வந்தது, இதைவிட முக்கியம். மகள் அந்த எண்ணில் யுபிஐ செயலியில் பதிவு செய்யப் போனபோது, திரையில் அவருடைய வங்கியின் பெயரும் கணக்கின் கடைசி நான்கு இலக்கங்களும் வந்து நின்றன. செயலி எண்ணைத்தான் பார்க்கிறது, அந்த எண்ணோடு எந்தக் கணக்கு இணைந்திருக்கிறதோ அதை எடுத்துக் காட்டுகிறது. பணம் எடுக்க ரகசிய எண் வேண்டும். அதைப் புதிதாக அமைக்க டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கங்களும் காலாவதி மாதமும் கேட்கும். கார்டு இல்லையா, இன்னொரு வழி இருக்கிறது. ஆதாரின் முதல் ஆறு இலக்கங்கள், கூடவே ஆதாரில் பதிந்த எண்ணுக்கு வரும் ஓடிபி. அந்த மனிதரின் ஆதாரிலும் இதே எண்தான்.

ஆதார் நகல் கிடைப்பது கஷ்டமா? என் கடைக்கு வந்து பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஆதார் நகல்களை மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போகிறார்கள்! நான் மாலையில் கிழித்துத்தான் குப்பையில் போடுகிறேன். எல்லாக் கடையிலும் கிழிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆதார் இணையதளத்தில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதார் கிடைக்கிறது. முதல் எட்டு இலக்கங்கள் அதில் இருக்காது. லாட்ஜ், கூரியர், வாடகை வீடு போன்ற இடங்களில் அதைக் கொடுத்துப் பாருங்கள். ஏற்க மறுத்தால் அப்புறம் யோசிக்கலாம்.

மார்ச் 12

"அவருக்கு வந்த ஓடிபியை அவருக்கே சொல்லியிருக்கலாமே, அதைவிட எளிய உதவி என்ன?" என்ற கேள்விக்கு.

அவர் கேட்டார். மூன்று முறை கேட்டார். நான் சொல்லவில்லை. குரலை மட்டும் வைத்து அவர் யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? "நான்தான் பழைய சொந்தக்காரர், அந்த நம்பருக்கு ஒரு செய்தி வரும், படித்துச் சொல்லுங்கள்" என்பதே மோசடிக்காரர்களும் சொல்லும் வாசகம். அவர் மனைவி மறுநாள் பாஸ்புக்கோடு கடைக்கே வந்தார். பாவமாக இருந்தது. அப்போதும் வங்கி ஓடிபியைச் சொல்லவில்லை. எங்கள் போனில் வந்தாலும் அது எங்களுடையது இல்லை. கணவரும் நேரில் இல்லாமல் நான் அதை இன்னொருவரிடம் கொடுத்து, நாளை கணக்கில் ஏதாவது குறைந்தால் யார் யாரைக் கேட்பது?

இரக்கமில்லாமல் நடந்துகொண்டேனோ என்று அன்றிரவு உறங்காமல் யோசித்தது உண்மை. கடைசியில் செய்தது இதுதான். மகளுக்கு வேறு சிம் வாங்கினோம். பழைய சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு, ரீசார்ஜ் செய்து, ஆறு மாதங்கள் உயிரோடு வைத்திருந்தோம். மூன்றாவது ஆளுக்குப் போகாமல் இருந்தால் போதும் என்பது எண்ணம். அவர் 2024 பொங்கலுக்கு விடுப்பில் வந்தார். முதல் நாள் வங்கிக் கிளை, அடுத்து ஆதார் மையம். எண்ணை மாற்ற அங்கே கைரேகை வைத்து 50 ரூபாய் கட்டினார். பிறகு நகைக்கடன் சங்கம், பள்ளி, ரேஷன் அட்டை. எல்லாவற்றையும் அவிழ்த்து முடிக்க 12 நாட்கள் ஆயின. விடுப்பே 30 நாட்கள்தான். பேரீச்சம்பழமும் தைலமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் 13

நேற்று எழுதியதை மகள் படித்துவிட்டு விடுதியிலிருந்து அழைத்தாள். "அம்மா, ஒரு ஓடிபி நான் சொல்லியிருக்கிறேன், அதையும் எழுதுங்கள்" என்கிறாள். எழுதிவிடுகிறேன்.

தம்மாம்காரர் வீட்டு எரிவாயு இணைப்பும் அந்த எண்ணில்தான் இருந்திருக்கிறது. சிலிண்டர் கொண்டுவந்தவர் நான்கு இலக்கக் குறியீட்டைச் சொன்னால்தான் இறக்குவேன் என்று வாசலில் நிற்க, அந்த அம்மா மகளை அழைத்திருக்கிறார். பட்டன் போன் அப்போது அவளிடம் விடுதியில் இருந்தது. வகுப்பு நடுவே வெளியே வந்து படித்துச் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆறு மாதத்தில் நான்கு முறை இப்படி நடந்ததாம். எனக்கு இன்றுதான் தெரியும். இதில் நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பணம் கொடுக்கும் ஓடிபியும் சிலிண்டர் இறக்கும் குறியீடும் ஒன்றல்ல என்று அவளாகவே பிரித்துப் பார்த்திருக்கிறாள்.

மார்ச் 16, ஞாயிறு

தம்பி, உங்கள் பதிலைப் படித்ததும் கொஞ்சம் அதிர்ந்துவிட்டேன். அதற்குக் காரணம் நானோ என்றும் தோன்றியது. "எண்ணை வைத்திருங்கள்" என்று நான் சொன்னதை, அப்பாவின் கணக்கை ஓடிபி மூலம் நடத்திக்கொள்ளலாம் என்று புரிந்துகொண்டிருக்கிறீர்கள். காரியச் செலவுக்காக அவர் கார்டில் பணம் எடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. துக்கத்தில் யாரும் சட்டம் பார்ப்பதில்லை. ஆனால் கூடாது. இனி எடுக்காதீர்கள். கணக்குக்கு உரியவர் இறந்த பிறகு கார்டையோ ஓடிபியையோ வைத்துப் பணம் எடுத்தால், நாளை அண்ணன் தம்பிக்குள்ளேயே அது வழக்காகலாம்.

எண்ணை வைத்திருக்கச் சொன்னது, யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கும், வேறு எவரும் அதை எடுத்துவிடாமல் இருப்பதற்கும். பணத்தை எடுக்கும் வழி வேறு. இறப்புச் சான்றிதழோடு கிளைக்குப் போய் எழுத்தில் தெரிவியுங்கள். ஏற்கெனவே எடுத்த தொகையையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாமினியாக அம்மா பெயர் இருந்தால் உரிமைகோரல் படிவம், அம்மாவின் அடையாளச் சான்று, இறப்புச் சான்றிதழ். ஆவணங்கள் சரியாக இருந்தால் 15 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒரு விஷயம்: நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், வாரிசுகளின் பங்கு அதனால் மறைந்துவிடாது. கூட்டுக் கணக்காக, இருவரில் எவரும் அல்லது உயிரோடு இருப்பவர் இயக்கலாம் என்ற முறையில் இருந்தால் அம்மாவே தொடர்ந்து நடத்தலாம். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள்.

மார்ச் 22

மூன்று நாள் மின்வெட்டும் விண்ணப்பக் கூட்டமும். பதில் தாமதம்.

இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. முடக்கிய எண்களைப் புதியவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று கேட்ட மனு அது. 2023 நவம்பரில் முடித்து வைத்தார்கள். 90 நாட்கள் காத்திருப்புக் காலம் இருக்கிறது, பழைய சந்தாதாரர்தான் தன் தனியுரிமையைக் காக்க வேண்டிய நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்ற அளவில் முடிந்தது. வாட்ஸ்அப்பின் ஏற்பாடும் அதில் பேசப்பட்டது. 45 நாட்கள் பயன்படாத கணக்கு வேறொரு போனில் தொடங்கப்பட்டால் பழைய தரவு நீக்கப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தம்மாம்காரர் வைஃபையில் தினமும் பயன்படுத்திக்கொண்டிருந்தாரே, அவருக்கு அந்த 45 நாள் எப்படி ஓடும்?

பழைய சந்தாதாரரின் பொறுப்பு என்பதை நான் பாதிதான் ஏற்கிறேன். எண் மாற்றுபவருக்குச் சரி. உங்கள் அப்பா என்ன நடவடிக்கை எடுப்பார்? படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி எங்கே போய் எதை அவிழ்ப்பார்?

நம் நாட்டுக்கு மட்டும் வந்த தொல்லையும் இல்லை. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு பெரிய நிறுவனங்கள் புதியவர்களுக்குக் கொடுக்கத் தயாராக வைத்திருந்த 259 எண்களை எடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் வெளியிட்டார்கள். அவற்றில் 171 எண்களோடு பிரபல இணையதளங்களில் யாருடைய கணக்கோ இன்னும் இணைந்திருந்தது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. அங்கே எண் கைமாறியதா என்று நிறுவனங்கள் சரிபார்க்க அதே ஆண்டு நவம்பரில் ஒரு தரவுத்தளமும் வந்தது. நான் இங்கே பார்த்தவற்றைக் கணக்குப் போட்டால் அந்த விகிதம் எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

மார்ச் 23, காலை

"அப்படியானால் ஓடிபியே வேண்டாமா?" என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வெறும் கடவுச்சொல்லோடு ஒப்பிட்டால் ஓடிபி எவ்வளவோ மேல். ஆனால் வாடகைக்கு வாங்கிய பொருளைப் பட்டா நிலம் போல நடத்துகிறோம். எண் நமக்குச் சொந்தமில்லை, ரீசார்ஜ் இருக்கும் வரை நம்மிடம் இருக்கிறது.

மின்னஞ்சலுக்காவது வேறு பூட்டு போடுங்கள். 30 விநாடிக்கு ஒருமுறை புதிய குறியீடு காட்டும் செயலிகள் இருக்கின்றன. அவற்றுக்கு சிக்னலும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். குறியீடு போனுக்குள்ளேயே உருவாகிறது. போன் தொலைந்தால் திரும்ப நுழைய மாற்றுக் குறியீடுகள் தருவார்கள். அவற்றைக் கையால் எழுதி பீரோவில் வையுங்கள். கடையில் பிரிண்ட் எடுக்காதீர்கள், என் கடையிலும் வேண்டாம். கடவுச்சொல்லை நோட்டில் எழுதக் கூடாது என்று பயமுறுத்துகிறார்கள். எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. ஒரே கடவுச்சொல்லை ஏழு இடத்தில் வைப்பதைவிட ஏழு கடவுச்சொற்களை நோட்டில் எழுதி வைப்பது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

மார்ச் 23, மதியம்

சிம்மைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தொலைந்த சிம்முக்குப் பதில் புது சிம் வாங்குபவர்கள் மறுநாள் என்னிடம் வந்து ஓடிபி வரவில்லை என்று கோபப்படுகிறார்கள். மாற்று சிம் செயல்பட்ட முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்திகளை வேண்டுமென்றேதான் நிறுத்தி வைக்கிறார்கள். உங்கள் பெயரில் வேறு யாரோ மாற்று சிம் எடுத்திருந்தால், அந்த ஒரு நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். சிம் மாற்றிய 7 நாட்களுக்குள் வேறு நிறுவனத்துக்கு எண்ணைக் கொண்டுபோகவும் முடியாது. அது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

போனில் காரணமில்லாமல் சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தில் சிக்னல் இருந்தால், அடுத்தவர் போனை வாங்கி உடனே நிறுவனத்தை அழையுங்கள். பணம் போயிருந்தால் இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மறுநாள் காலை பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். வங்கிக்கும் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட வேண்டும். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் இடையில் நடந்த மோசடி என்றால், அந்த மூன்று நாட்களுக்குள் சொன்னவருக்கு இழப்பு சேராது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சொல்லியிருக்கிறது. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால் கதை வேறு. வங்கியிடம் தெரிவிக்கும் வரை போனது நம் கணக்கில்தான்.

ஏப்ரல் 6

ஒரு நல்ல செய்தி. முடக்கப்பட்ட, கைமாறிய எண்களின் பட்டியலைப் பார்த்து வங்கிகளும் யுபிஐ செயலிகளும் வாரத்துக்கு ஒருமுறையாவது தங்கள் பதிவுகளைத் திருத்த வேண்டும் என்ற யுபிஐயை நடத்தும் தேசிய பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷனின் உத்தரவு இந்த மாதம் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கியும் ஜனவரியில் இதே பட்டியலைப் பயன்படுத்தச் சொல்லி வங்கிகளுக்கு எழுதியது. 2023-இல் இது இருந்திருந்தால் என் மகளின் திரையில் அந்தக் கணக்கு வந்திருக்காது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ரீசார்ஜ் செய்ய மறந்த முதியவரின் எண்ணும் அந்தப் பட்டியலில் ஏறும். வங்கி அவர் எண்ணைக் கழற்றிவிட்டால் அவர் மறுபடி கிளைக்கு நடக்க வேண்டும். வீட்டில் பெரியவர்களின் ரீசார்ஜ் முடியும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

மே 18, ஞாயிறு

தம்பி, கடைக்கு வந்து பேசியதில் மகிழ்ச்சி. கழுகுமலையிலிருந்து இவ்வளவு வெயிலில் அம்மாவையும் அழைத்து வந்திருக்க வேண்டாம். மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன். நீங்களே எழுதச் சொல்லிவிட்டீர்கள்.

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன். எண்ணை விட வேண்டுமா, செத்தவர் பெயரிலேயே ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டுமா என்று இரண்டு வழிகளை மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாவது வழி, பெயர் மாற்றம். இறந்தவரின் இணைப்பைச் சட்டப்படியான வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். இறப்புச் சான்றிதழ், உறவைக் காட்டும் சான்று, வாரிசின் ஆதார் இவற்றோடு நிறுவனத்தின் சொந்த மையத்துக்குப் போக வேண்டும். தெருவில் சிம் விற்கும் கடையில் நடக்காது, என் கடையிலும் நடக்காது. முதலில் போன மையத்தில் அப்படி ஒரு விதியே இல்லை என்று திருப்பி அனுப்பினார்களாம். இரண்டாவது முறை போனபோது மேலாளர் படிவத்தைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். முதல் முறை "இல்லை" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

இப்போது அந்த எண் அம்மாவின் பெயரில். எரிவாயு, ரேஷன் அட்டை இரண்டிலும் எண்ணை மாற்றவே தேவைப்படவில்லை. வங்கிக்கு எழுத்தில் சொல்லி, அப்பாவின் கணக்கை முடித்து, பணம் அம்மா கணக்குக்கு வந்துவிட்டது. குறுஞ்செய்திப் பட்டியலில் 17 இடங்கள் இருந்தனவாம். அவற்றில் ஒன்று, வீட்டில் யாருக்கும் தெரியாத அஞ்சலகத் தொடர் வைப்பு.

நவம்பர் 2

நேற்று முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம் என்ற திருத்தம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. யாருக்கு எத்தனை பங்கு என்றும் எழுதலாம், ஒருவருக்குப் பின் ஒருவர் என்றும் வைக்கலாம். நாமினி இடம் காலியாக இருக்கும் பாஸ்புக்குகளை இன்னும் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். அப்பா அம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பார்கள். உங்கள் பாஸ்புக்கை முதலில் எடுத்துப் போய் நாமினி எழுதுங்கள், அவர்களுடையதையும் கூடவே எடுத்துப் போங்கள். கூச்சம் இருக்காது.

டிசம்பர் 7, ஞாயிறு

இழை அடங்கிவிட்டது என்று நினைத்தேன். தம்மாம்காரரின் மனைவி நேற்று கடைக்கு வந்தார். வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற செயலிகள், பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால்தான் ஓட வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை நவம்பர் 28-இல் உத்தரவு போட்டிருக்கிறது. நிறுவனங்களுக்கு 90 நாட்கள் அவகாசம். கணினியில் திறந்து வைத்த வாட்ஸ்அப்பும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேற்றப்படுமாம். என் கடைக் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்களை நினைத்தால், அது ஒன்றை மட்டும் மனமார வரவேற்கிறேன்.

ஆனால் வளைகுடாவில் இருப்பவர்கள் பாடு கஷ்டம். அவர் 2024-இல் வாங்கிய புதிய ஊர் சிம் வீட்டில் மனைவியிடம் இருக்கிறது. வாட்ஸ்அப் அங்கே வைஃபையில் ஓடுகிறது. சிம் பிரிந்திருந்தால் இனி ஓடாது. சிம்மை அவருக்கு அனுப்பினால் இங்கே வங்கிச் செய்தி வராது, வைத்துக்கொண்டால் அங்கே பிள்ளைகளின் முகம் தெரியாது என்று அந்த அம்மா கேட்கிறார்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். எரிவாயு, பள்ளி, ரேஷன் அட்டை மூன்றையும் அந்த அம்மாவின் சொந்த எண்ணுக்கு மாற்றிக் கொடுத்தேன். வங்கியும் ஆதாரும் கணவர் எண்ணிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அந்த சிம்முக்கு 365 நாள் திட்டம் போட்டாயிற்று. பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் 19-ஆம் தேதி தம்மாம் போகிறாராம். சிம்மைச் சிறிய காகித உறையில் போட்டு ஒட்டி, காலாவதி ஆகும் தேதியை உறையின் மேல் பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.